காற்றையும் எடைபோட்ட மனிதர்... தலையை வாங்கிய வரிக்கணக்கு! - லவாய்சியர் கதை

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் வேதிவினைகளின் வகைகள் என்று ஒரு பாடம் வருமே, ஞாபகம் இருக்கா? சேர்க்கை வினை, சிதைவு வினை, இடப்பெயர்ச்சி வினை, இரட்டை இடப்பெயர்ச்சி வினை, எரிதல் வினை... பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி உருப்போட்டு, எழுதிவிட்டு வந்த கையோடு மறந்துபோன லிஸ்ட் அது. கூடவே இன்னொரு தலைவலி, சமன்பாட்டைச் சமன் செய்வது. அம்புக்குறிக்கு இந்தப் பக்கம் எத்தனை ஆக்சிஜனோ, அந்தப் பக்கமும் அத்தனை இருக்கணும். ஒன்று குறைந்தாலும் மார்க் போச்சு.

ஏன் அப்படி இருக்கணும்னு என்னிக்காவது யோசிச்சிருக்கீங்களா? ஒரு கட்டு விறகை எரித்தால் கைப்பிடி சாம்பல்தான் மிஞ்சுகிறது. மீதி எங்கே போச்சு? கண்ணால் பார்த்தால் காணாமல்போன மாதிரிதான் தெரியும். எதுவும் காணாமல் போகவில்லை, கணக்கு எழுதும்போது நாம்தான் எதையோ விட்டுவிட்டோம் என்று பிடிவாதமாக நின்றார் ஒருவர். பெயர் அந்துவான் லவாய்சியர். சம்பாத்தியம், வரி வசூலில். அவருடைய கணக்குப்பிள்ளை புத்தி, அவரை நவீன வேதியியலின் தந்தை ஆக்கியது. அந்த வரி வசூல், 50 வயதில் அவர் தலையை வாங்கியது.

வாங்க, அந்தக் கணக்கை முதல் பக்கத்திலிருந்து பார்ப்போம்.

மாவுக்கட்டு சொன்ன முதல் பாடம்

1743 ஆகஸ்ட் 26-ம் தேதி பாரிஸில் பிறந்தார் லவாய்சியர். அப்பா வக்கீல், வசதியான குடும்பம். ஐந்து வயதிலேயே அம்மாவை இழந்தவரை, பாட்டி வீட்டில் வைத்து அம்மாவின் சகோதரி வளர்த்தார். அப்பா ஆசைப்படி சட்டம் படித்து 1764-ல் பட்டமும் வாங்கினார். ஆனால், கறுப்பு அங்கி போட்டு நீதிமன்றப் படி ஏறவில்லை. மனசு முழுக்க கல், மண், உப்பு, வாயு என்று அறிவியல் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தது.

அடுத்த வருஷமே, 1765-ல், பிரெஞ்சு அறிவியல் அகாடமியில் முதல் கட்டுரையை வாசித்தார். விஷயம், ஜிப்சம். கை, கால் உடைந்தால் மாவுக்கட்டு போடுவோம் இல்லையா, அந்த மாவுக்கு 'பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்' என்று பெயர் வரக் காரணமே பாரிஸைச் சுற்றியிருந்த ஜிப்சம் சுரங்கங்கள்தான். ஜிப்சத்தைச் சுட்டால் மாவாகிறது. மாவில் தண்ணீர் விட்டால் மறுபடியும் கல்லாக இறுகுகிறது. எல்லோரும் பார்த்த சங்கதிதான். லவாய்சியர் மட்டும் தராசை எடுத்தார். சுடும்போது வெளியேறிய நீராவியைப் பிடித்து எடைபோட்டார். கல்லுக்குள் ஒளிந்திருந்த தண்ணீர்தான் வெளியே போகிறது, இறுகும்போது அதே தண்ணீர்தான் திரும்பி உள்ளே போகிறது என்று கணக்கோடு காட்டினார். பிரிவது ஒரு வினை, சேர்வது இன்னொரு வினை. உண்மையிலேயே ஒரே கல்லில் ரெண்டு மாங்காய்!

அப்போது அவருக்கு வயது 21. உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்ற கேள்வி அன்றைக்குப் பிடித்துக்கொண்டது. கடைசிவரை விடவே இல்லை.

101 நாள் கொதித்த தண்ணீர்

1768. லவாய்சியரின் வாழ்க்கையில் இரண்டு பெரிய கதவுகள் ஒரே வருஷத்தில் திறந்தன. ஒன்று, அறிவியல் அகாடமியில் இடம் கிடைத்தது. இன்னொன்று, 'ஃபெர்ம் ஜெனரால்' என்ற நிறுவனத்தில் பங்கு வாங்கினார்.

அது என்ன நிறுவனம்? மன்னருக்கு மொத்தமாகப் பணத்தைக் கட்டிவிட்டு, மக்களிடம் வரி வசூலிக்கும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்த தனியார் கூட்டமைப்பு. உப்புக்கு வரி, புகையிலைக்கு வரி, பாரிஸுக்குள் நுழையும் சரக்குக்கு வரி. கட்டிய பணத்துக்கு மேல் வசூலானால் அது பங்குதாரர்களின் லாபம். ஏழை வீட்டு உப்புச்சட்டி வரைக்கும் கை நீட்டிய அந்த நிறுவனத்தை ஊரே வெறுத்தது. லவாய்சியருக்கு அதில் வந்த வருமானம்தான் லேப் கட்டவும் துல்லியமான தராசுகள் செய்து வாங்கவும் உதவியது. இந்த விஷயத்தை மறக்காம மனசுல வெச்சுக்கோங்க. கதையின் கடைசியில் இது திரும்பி வரும்.

அந்தக் காலத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. தண்ணீரைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது கொஞ்சம் கொஞ்சமாக மண்ணாக மாறும் என்று. ஆதாரமும் இருந்தது. நாள்கணக்கில் காய்ச்சிய கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கும். லவாய்சியர் ஆவி வெளியே போகாமல் திரும்பி உள்ளேயே விழும்படி மூடிய ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீரை ஊற்றி 101 நாள்கள் சூடாக்கினார். ஆமாம், மூன்று மாதத்துக்கும் மேலே! முன்னாடியும் எடை, பின்னாடியும் எடை. தண்ணீரின் எடை மாறவில்லை. பாத்திரத்தின் எடைதான் குறைந்திருந்தது. மண் என்று நினைத்தது, கரைந்துவந்த கண்ணாடி!

நூற்றாண்டுக் கணக்கில் நம்பிய விஷயத்தை ஒரு தராசு முடித்துவைத்தது.

13 வயது மனைவி, வாழ்நாள் பார்ட்னர்

1771 டிசம்பரில் லவாய்சியருக்குத் திருமணம். அவருக்கு 28, மணமகள் மரி-ஆனுக்கு 13. வரி நிறுவனத்தில் சக பங்குதாரரான ழாக் போல்ஸின் மகள். 50 வயதுப் பிரபு ஒருவர் பெண் கேட்டு நெருக்க, அதிலிருந்து தப்பிக்க அப்பா அவசரமாக ஏற்பாடு செய்த கல்யாணம் இது. அன்றைய பிரான்ஸில் நடந்தது என்றாலும், இன்று படிக்கும்போது நமக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். இருக்கணும்.

ஆனால், அந்தப் பெண் என்னவாக வளர்ந்தார் என்பதையும் பார்க்கணும். லவாய்சியருக்கு ஆங்கிலம் வராது. மரி-ஆன் கற்றுக்கொண்டார். இங்கிலாந்து விஞ்ஞானிகளின் கட்டுரைகளை மொழிபெயர்த்துக் கொடுத்தார். வெறும் மொழிபெயர்ப்பு மட்டுமல்ல, அதில் தப்பு இருந்தால் குறிப்பும் எழுதினார். ஓவியர் டாவிடிடம் வரையக் கற்று, லேப் கருவிகளை அச்சு அசலாக வரைந்தார். ஆய்வு நடக்கும்போது பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்து எண்களைக் குறித்துக்கொண்டே இருந்தார். காலையில் 6 மணிக்கு லேப், பகலில் வரி வேலை, ராத்திரி 7 முதல் 10 வரை மறுபடியும் லேப். வாரத்தில் ஒரு நாள் முழுக்க ஆய்வுக்கு மட்டும். அந்த நாள்தான் லவாய்சியரின் சந்தோஷமான நாள் என்று பின்னாளில் மரி-ஆன் எழுதிவைத்தார்.

எரிஞ்சா எடை கூடுமா?

எரிதல் என்றால் என்ன? அன்றைய விஞ்ஞானிகளிடம் ரெடியாக ஒரு பதில் இருந்தது. எரியும் பொருள் எல்லாவற்றுக்குள்ளும் 'ப்ளோஜிஸ்டான்' என்று ஒன்று இருக்கிறது, எரியும்போது அது வெளியேறிவிடுகிறது, அவ்வளவுதான் என்றார்கள். விறகு சாம்பலாவதைப் பார்த்தால் சரி என்றுதான் தோன்றும்.

ஆனால், 1772-ல் லவாய்சியர் கந்தகத்தையும் பாஸ்பரஸையும் எரித்து எடைபோட்டார். எடை கூடியிருந்தது! ஒன்று வெளியேறினால் எடை குறையத்தானே வேண்டும்? எப்படிக் கூடும்? அப்படியென்றால் எரியும்போது எதுவும் வெளியேறவில்லை, எதுவோ உள்ளே வந்து சேர்கிறது. வந்து சேர்வது காற்றிலிருந்து. இது பெரிய விஷயம் என்று புரிந்துவிட்டது. வேறு யாராவது முந்திக்கொள்ளக் கூடாது என்று, அந்த வருஷம் நவம்பர் 1-ம் தேதி ஒரு குறிப்பெழுதி, உறையில் போட்டு முத்திரை வைத்து அகாடமியிடம் கொடுத்தார். இப்போது நாம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைக்கிறோமே, அந்த மாதிரி.

அதே வருஷம் பெரிய பூதக்கண்ணாடியால் சூரிய ஒளியைக் குவித்து வைரத்தையும் எரித்துப் பார்த்தார்கள். கரியை எரித்தால் வரும் அதே வாயு வைரத்திலிருந்தும் வந்தது. அடுத்து, வெள்ளீயத்தைக் கண்ணாடிக் குடுவைக்குள் வைத்து, வாயை உருக்கி மூடிச் சூடாக்கினார். உலோகத்தின் மேல் சாம்பல் நிறத்தில் படிந்தது. மூடிய குடுவையின் மொத்த எடையில் மாற்றமே இல்லை. வாயை உடைத்தபோது விஸ்ஸென்று வெளிக்காற்று உள்ளே பாய்ந்தது. அப்புறம்தான் எடை கூடியது. உலோகத்தோடு சேர்ந்தது உள்ளே இருந்த காற்றின் ஒரு பகுதி என்று நிரூபணம் ஆச்சு.

எந்தப் பகுதி? அங்கேதான் சிக்கிக்கொண்டார்.

டின்னரில் கிடைத்த துப்பு

1774 அக்டோபர். இங்கிலாந்திலிருந்து ஜோசப் பிரீஸ்ட்லி பாரிஸ் வந்தார். லவாய்சியர் வீட்டில் விருந்து. பேச்சுவாக்கில் பிரீஸ்ட்லி ஒரு விஷயம் சொன்னார். பாதரசத்தின் சிவப்புப் பொடியைச் சூடாக்கினால் ஒரு வாயு வருகிறது, அதில் மெழுகுவத்தி வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிகிறது என்று. ஸ்வீடனில் இருந்த ஷீலேவும் கிட்டத்தட்ட அதே நேரத்தில் லவாய்சியருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அவரும் தனியாக அதே வாயுவைக் கண்டுபிடித்திருந்தார்.

லவாய்சியர் வேலையில் இறங்கினார். சுமார் 120 கிராம் பாதரசம், அதன்மேல் ஏறக்குறைய ஒரு லிட்டர் காற்று. 12 நாள்கள் விடாமல் சூடாக்கினார். பாதரசத்தின் மேல் சிவப்புத் துகள்கள் மிதந்தன. காற்றில் ஆறில் ஒரு பங்கு குறைந்துபோனது. மிச்சம் இருந்த காற்றில் மெழுகுவத்தி அணைந்தது, எலி மூச்சுத் திணறியது. இது சேர்க்கை வினை. பாதரசமும் காற்றின் ஒரு பகுதியும் சேர்ந்து சிவப்புப் பொடி ஆகிவிட்டன.

இப்போது ரிவர்ஸ் கியர். அந்தச் சிவப்புப் பொடியைச் சேகரித்தார். அவர் காலத்து அளவில் 45 கிரெயின். அதாவது 2.4 கிராம்தான், ஒரு சிட்டிகை. அதை இன்னும் அதிகச் சூட்டில் வைத்தார். 41.5 கிரெயின் பாதரசம் திரும்பக் கிடைத்தது. வாயுவும் வெளியே வந்தது. எவ்வளவு? முன்பு காற்றிலிருந்து குறைந்த அதே அளவு! இது சிதைவு வினை. அந்த வாயுவை மிச்சக் காற்றோடு கலந்தார். பழையபடி சாதாரணக் காற்று ஆகிவிட்டது.

பூட்டவும் தெரிந்தது, கழற்றவும் தெரிந்தது, நடுவில் ஒரு ஸ்க்ரூகூடத் தொலையவில்லை. 1777-ல் அந்த வாயுவுக்கு ஆக்சிஜன் என்று பெயர் வைத்தார். ப்ளோஜிஸ்டானுக்கு அன்றிலிருந்து இறங்குமுகம்.

இங்கே ஒரு பாக்கியையும் எழுதணும். 1775-ல் இதைப் பற்றி அகாடமியில் பேசியபோது பிரீஸ்ட்லியின் பெயரை லவாய்சியர் சொல்லவில்லை. பிரீஸ்ட்லிக்கு அந்த வருத்தம் இருந்தது, அதில் நியாயமும் இருந்தது. கிராம் கணக்கில் துல்லியமாக இருந்தவர், நன்றிக் கணக்கில் கொஞ்சம் கஞ்சன்தான்.

ஜோடி மாறும் வெடியுப்பு

1775-ல் அரசாங்கம் லவாய்சியரை வெடிமருந்துத் துறைக்குக் கொண்டுவந்தது. வெடிமருந்துக்கு மூன்று சரக்கு வேண்டும். கரி, கந்தகம், வெடியுப்பு. முதல் இரண்டும் ஈஸி. வெடியுப்புதான் பிரச்னை. ஈரம் படிந்த பழைய சுவர்க் காரையிலும் தொழுவத்து மண்ணிலும் அது ஊறிவரும். அதைச் சுரண்டி எடுக்க அரசாங்க ஆட்கள் மக்களின் வீடு, தொழுவம் எல்லாவற்றிலும் புகுந்து தோண்டுவார்கள். தடுக்க முடியாது. அந்தத் தொல்லைக்குக் கடிவாளம் போட்டு, வெடியுப்பைத் தனியாக விளைவிக்கும் முறைகளை வளர்த்தார் லவாய்சியர்.

இதில் வேலை செய்வது எந்த வினை தெரியுமா? இரட்டை இடப்பெயர்ச்சி. மண்ணைக் கரைத்து வடிகட்டிய நீரில் கால்சியம் நைட்ரேட் இருக்கும். அதில் விறகுச் சாம்பல் கரைசலை ஊற்றுவார்கள். சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் உண்டு. இரண்டும் சந்தித்ததும் ஜோடி மாறும். கால்சியம், கார்பனேட்டோடு சேர்ந்து வெள்ளையாக அடியில் படியும். பொட்டாசியம், நைட்ரேட்டோடு சேர்ந்து நீரிலேயே தங்கும். அந்த நீரைக் காய்ச்சினால் வெடியுப்பு ரெடி. பெயர்கள் இன்றைய பாடப்புத்தகத்தின் பெயர்கள், செய்முறை அன்றையது.

பிரெஞ்சு வெடிமருந்தின் தரம் எகிறியது. அமெரிக்க விடுதலைப் போருக்கும் இங்கிருந்து கப்பலில் போனது. ஆனால், இந்த வேலைக்கு விலையும் உண்டு. 1788 அக்டோபரில் புதுவகை வெடிமருந்தைச் சோதித்தபோது ஆலை வெடித்து இரண்டு பேர் இறந்தார்கள். லவாய்சியரும் மரி-ஆனும் அன்று அங்கேதான் இருந்தார்கள். மயிரிழையில் தப்பினார்கள்.

உங்களுக்குள்ளேயும் ஒரு நெருப்பு

இதைப் படிச்சுக்கிட்டிருக்கிற இந்த நொடியில்கூட ஓர் எரிதல் நடக்கிறது. உங்களுக்குள்ளே. அதைச் சொன்னவரும் இவர்தான்.

1782-83 குளிர்காலத்தில், கணித மேதை லாப்லாஸும் இவரும் சேர்ந்து சுற்றிலும் பனிக்கட்டி அடைத்த ஒரு பாத்திரம் செய்தார்கள். நடுவில் ஒரு கினிப்பன்றியை வைத்தார்கள். அதன் உடல் சூட்டில் 10 மணி நேரத்தில் சுமார் 400 கிராம் பனிக்கட்டி உருகியது. அது வெளியே விட்ட கார்பன் டை ஆக்சைடையும் அளந்தார்கள். அதே அளவு வாயு வரும்படி கரியை எரித்தால் எவ்வளவு பனிக்கட்டி உருகும் என்று கணக்குப் போட்டார்கள். இரண்டும் கச்சிதமாக ஒத்துப்போகவில்லை. ஆனால், பக்கத்தில் பக்கத்தில் வந்தன. மூச்சுவிடுவதும் எரிதல்தான், ரொம்ப மெதுவான, சுடர் இல்லாத எரிதல் என்ற முடிவுக்கு வந்தார்கள். ஜிம்மில் கலோரி கணக்குப் பார்க்கிறீங்களே, அதன் பூர்வீகம் இந்தப் பனிக்கட்டிப் பாத்திரம்தான்.

துப்பாக்கிக் குழாயில் உடைந்த தண்ணீர்

ஆயிரக்கணக்கான வருஷங்களாகத் தண்ணீர் ஒரு தனிமம் என்றே உலகம் நம்பியது. ஹைட்ரஜன் எரிந்தால் நீர் உண்டாவதை இங்கிலாந்தில் கேவண்டிஷ் பார்த்திருந்தார். செய்தி கேட்டதும், 1783 ஜூனில் லவாய்சியரும் லாப்லாஸும் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து எரித்தார்கள். வந்தது சுத்தமான தண்ணீர்.

சேர்த்துக் காட்டினால் மட்டும் போதாது, பிரித்தும் காட்டணும் என்பதுதானே அவர் ஸ்டைல்? ஓர் இரும்புத் துப்பாக்கிக் குழாயைச் செக்கச் சிவக்கக் காய்ச்சினார். அதற்குள் தண்ணீரைச் சொட்டுச்சொட்டாக விட்டார். மறுமுனையில் வெளியே வந்தது ஹைட்ரஜன். ஆக்சிஜன் எங்கே? இரும்போடு ஒட்டிக்கொண்டது. குழாயை எடைபோட்டால் கூடியிருந்தது. தண்ணீரில் ஹைட்ரஜன் உட்கார்ந்திருந்த நாற்காலியை இரும்பு பிடுங்கிக்கொண்டது. இதுதான் இடப்பெயர்ச்சி வினை. பலூன் பைத்தியம் பாரிஸைப் பிடித்திருந்த நேரம் அது. பலூனுக்கு ஹைட்ரஜன் வேண்டும் என்பதால் இந்த ஆய்வுக்கு டிமாண்டும் இருந்தது.

1785 பிப்ரவரியில் இரண்டு நாள், விஞ்ஞானிகள் கூடியிருக்க, பிரிப்பது, சேர்ப்பது இரண்டையும் செய்துகாட்டினார். நீரில் எடைப்படி 85 பங்கு ஆக்சிஜன், 15 பங்கு ஹைட்ரஜன் என்பது அவர் எழுதிய கணக்கு. இன்று நமக்குத் தெரிந்தது 89, 11. எண் கொஞ்சம் பிசகியது, வழி பிசகவில்லை.

பெயர் வைத்தவர், புத்தகம் எழுதியவர்

ஆளுக்கொரு பட்டப்பெயரில் அழைக்கப்பட்ட வேதிப்பொருள்களுக்கு 1787-ல் மூன்று நண்பர்களோடு சேர்ந்து ஒழுங்கான பெயர்முறை கொண்டுவந்தார். சல்பேட், சல்பைட், ஆக்சைடு என்று நாம் சொல்வதெல்லாம் அந்த வழிவந்தவை. பெயரைக் கேட்டாலே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியணும் என்பதுதான் ஐடியா.

1789-ல் வந்தது அவருடைய பெரிய புத்தகம். 33 எளிய பொருள்களின் பட்டியல் அதில் இருந்தது. வெளிச்சத்தையும் வெப்பத்தையும்கூடத் தனிமம் என்று சேர்த்துவிட்டார், அது தப்பு. எல்லா அமிலத்திலும் ஆக்சிஜன் இருக்கும் என்று நம்பித்தான் அமிலத்தை உண்டாக்குவது என்ற பொருளில் ஆக்சிஜனுக்குப் பெயரே வைத்தார், அதுவும் தப்பு. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் இல்லை என்று பிறகு டேவி காட்டினார்.

ஆனால், அந்தப் புத்தகத்தில் திராட்சைச் சாறு புளித்து ஒயினாகும் இடத்தைப் பார்க்கணும். ஒரு பக்கம் சாறு, இன்னொரு பக்கம் கார்பன் டை ஆக்சைடும் ஆல்கஹாலும், நடுவில் சமக்குறி போட்டார். வினைக்கு முன்னால் எவ்வளவு பொருளோ, பின்னாலும் அவ்வளவே பொருள் என்று விதியாக எழுதினார். பொருள் அழியாது என்று அவருக்கு முன்பே சிலர் நினைத்ததுண்டு. அதை லேபின் தினசரி பழக்கமாக மாற்றியவர் இவர். பத்தாம் வகுப்பில் நீங்க சமன் செய்த சமன்பாடுகளுக்கெல்லாம் மூலக்கணக்கு அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

காற்றை அடைத்தவர் என்று ஒரு பழி

அதே 1789. பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது.

பாரிஸ் மக்கள் லவாய்சியரை ஆக்சிஜனுக்காக அறிந்திருக்கவில்லை. ஒரு சுவருக்காக அறிந்திருந்தார்கள். சரக்குகளைக் கள்ளத்தனமாக நகருக்குள் கொண்டுவந்து வரி ஏய்ப்பதைத் தடுக்க, பாரிஸைச் சுற்றி சுமார் 24 கிலோமீட்டருக்கு மதில் கட்டியது வரி நிறுவனம். 1784-ல் தொடங்கிய அந்தக் கட்டுமானத்தின் யோசனை லவாய்சியருடையது. வருமான ஓட்டையை அடைக்கும் கணக்காகப் பார்த்தார் அவர். சிறைக்குள் அடைபட்டதாக உணர்ந்தார்கள் மக்கள்.

ழான்-பால் மரா என்ற பத்திரிகையாளர், புரட்சியின் பெரிய குரல். அதற்கு முன்னால் அவரும் நெருப்பைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர். அகாடமி அதை ஏற்கவில்லை, அந்த மறுப்பில் லவாய்சியருக்கும் பங்கு உண்டு. 1791-ல் மரா அவரைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். சுவர் கட்டி நகரத்துக்கு வரும் காற்றையே தடுத்துவிட்டார் என்பதும் அதில் ஒரு குற்றச்சாட்டு. நாம் சுவாசிக்கும் காற்றில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னவர்மீது காற்றை நிறுத்தினார் என்ற பழி!

லவாய்சியர் நல்லதே செய்யவில்லையா? செய்தார். வெடியுப்புத் தோண்டும் தொல்லையைக் குறைத்தார். பஞ்ச காலத்தில் தானியம் வாங்க ப்ளுவா நகரத்துக்கு வட்டியில்லாமல் பணம் கொடுத்தார். மெட்ரிக் அளவுமுறையை உருவாக்கும் குழுவில் புரட்சி அரசாங்கத்துக்காகவே உழைத்தார். ஆனால், உப்பு வரியில் வந்த லாபமும் அவர் பெட்டிக்குத்தான் போனது. இதையும் மறைக்க முடியாது.

ஒரே நாளில் முடிந்த கணக்கு

1791-ல் வரி நிறுவனம் ஒழிக்கப்பட்டது. 1793 ஆகஸ்டில் அறிவியல் அகாடமியும் மூடப்பட்டது. நவம்பரில் பழைய வரி நிறுவனத்தாரைக் கைது செய்ய உத்தரவு வந்தது. சில நாள் மறைந்திருந்த லவாய்சியர், கடைசியில் மாமனாரோடு போய்த் தானே சரணடைந்தார்.

சுமத்தப்பட்ட குற்றங்களில் ஒன்று, புகையிலையில் தண்ணீர் கலந்து மக்களை ஏமாற்றினார்கள் என்பது. இதில் ஒரு கொடுமை பாருங்க. புகையிலையில் சாம்பல் கலக்கும் வியாபாரிகளைப் பிடிக்க டெஸ்ட் கண்டுபிடித்துக் கொடுத்தவரே லவாய்சியர். அமிலத்தை ஊற்றினால் சாம்பல் கலந்தது மட்டும் நுரைத்துப் பொங்கும். அமிலம், கார்பனேட்டைச் சந்தித்தால் வாயு வரும் வினை. கலப்படத்தை வேதியியலால் பிடித்தவர், கலப்பட வழக்கில் நின்றார்.

1794 மே 8. காலையில் விசாரணை, அன்று மாலையே கில்லட்டின். 28 பேர் வரிசையில் நின்றார்கள். மூன்றாவதாக மாமனார், நான்காவதாக லவாய்சியர். ஒருவர் பின் ஒருவராக எல்லாம் அரை மணி நேரச் சமாசாரம். உடல்கள் பொதுக்குழியில் போடப்பட்டன. கணித மேதை லக்ராஞ்ச், அந்தத் தலையை வெட்ட ஒரு நொடி போதுமாக இருந்தது, அதைப் போல இன்னொன்று வர நூறு வருஷம்கூடப் போதாமல் போகலாம் என்று வருந்தினார்.

வாட்ஸ்அப்பில் ரெண்டு கதைகள் வரும், நம்பாதீங்க. புரட்சிக்கு விஞ்ஞானிகள் தேவையில்லை என்று நீதிபதி சொன்னதாக ஒன்று. வெட்டுப்பட்ட பிறகு எத்தனை தடவை கண் சிமிட்டுகிறேன் என்று எண்ணச் சொல்லிப்போனார் என்று இன்னொன்று. இரண்டுக்கும் அந்தக் காலத்து ஆதாரம் கிடையாது. உண்மையாக நடந்ததே போதுமான அளவுக்குப் பயங்கரம். வாழ்நாள் முழுக்க இரண்டு தட்டையும் எடைபோடாமல் முடிவு சொல்லாத ஒருவருக்கு, ஒரு தட்டை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதினார்கள். 28 பேரில் யார் எவ்வளவு தப்பு செய்தார்கள் என்று தனித்தனியாக யாரும் நிறுத்துப் பார்க்கவே இல்லை.

மிச்சம் வைத்தவர் மரி-ஆன்

ஒரே நாளில் கணவரையும் அப்பாவையும் இழந்த மரி-ஆனுக்கு வயது 36. சொத்து பறிமுதல், கொஞ்ச நாளில் அவருக்கும் சிறை. 65 நாள் கழித்து வெளியே வந்தார். அடுத்த இரண்டு வருஷத்துக்குள் காற்று திசை மாறியது. லவாய்சியர் அநியாயமாகத் தண்டிக்கப்பட்டார் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டு, புத்தகங்களையும் கருவிகளையும் திருப்பிக் கொடுத்தது.

மரி-ஆன் அழுதுகொண்டு உட்காரவில்லை. சிறையில் இருந்தபோது லவாய்சியர் தொகுத்துக்கொண்டிருந்த கட்டுரைகளை 1805-ல் புத்தகமாகக் கொண்டுவந்தார். அதே வருஷம் ரம்ஃபோர்டு என்ற இன்னொரு விஞ்ஞானியை மணந்தார். அது ஒத்துவரவில்லை, சில வருஷத்தில் பிரிந்தார்கள். லவாய்சியர் என்ற பெயரை மட்டும் கடைசிவரை விடவில்லை. 1836-ல் இறந்தார். டாவிட் 1788-ல் தீட்டிய இருவரின் ஓவியம் இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கிறது. அதில் லவாய்சியர் எழுதுவதை நிறுத்திவிட்டு மனைவியை நிமிர்ந்து பார்க்கிறார். மரி-ஆன் நம்மைப் பார்க்கிறார்.

அடுத்த தடவை தம்பியோ தங்கையோ சமன்பாடு வரலைன்னு நோட்டை நீட்டினா, உடனே ஆன்சரைச் சொல்லிடாதீங்க. அம்புக்குறிக்கு இந்தப் பக்கம் என்னென்ன போச்சு, அந்தப் பக்கம் என்னென்ன வந்துச்சுன்னு முதல்ல எண்ணச் சொல்லுங்க. கணக்கு இடிச்சா எதுவும் தொலைஞ்சிருக்காது, எங்கயோ எழுத விட்டுப்போயிருக்கும். லவாய்சியர் தன் லேபில் தினமும் செய்தது அவ்வளவுதான்.